கணக்குப் பார்க்காத ரஹீம் வாத்தியார்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, இந்த மலருக்கு அவசியம் ஒரு கட்டுரை தர வேண்டும் என்று அன்புக் கட்டளையிட்டார்கள். கணித டிபார்ட்மென்ட் ஆசாமி என்பதால் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி. பெயர் சையது அப்துல் ரஹீம். இந்தியக் கால்பந்து அணியை ஆசியாவின் முதலிடத்துக்குக் கொண்டுபோன பயிற்சியாளர்.

இளைய தலைமுறைக்கு இவரை 2024-ல் வந்த ‘மைதான்’ இந்திப் படம் வழியாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு இவரைத் தெரிந்தது 1975-ல், திருச்சியிலிருந்து தஞ்சாவூர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில். அதைச் சொல்லிவிட்டு அவர் கதைக்கு வருகிறேன்.

பஸ்ஸில் கேட்ட கதை

நான் நம் கல்லூரி புட்பால் டீமில் லெஃப்ட் பேக். அப்போது பாரதிதாசன் பல்கலைக்கழகம் எல்லாம் கிடையாது. நாமெல்லாம் மதராஸ் யுனிவர்சிட்டி. திருச்சியில் கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடந்தது. எங்கள் பிரிவில் நாலு டீம். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்குத்தான் அடுத்த சுற்று. முதல் மேட்சில் 0-1 என்று தோற்றோம். இரண்டாவதில் 3-0 என்று ஜெயித்தோம். மூன்றாவது மேட்சுக்கு முந்தின ராத்திரி, தங்கியிருந்த இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டது அடியேன்தான். நாளைக்கு மோதப்போகிறவர்களும் எங்களைப் போலவே ஒன்று ஜெயித்து ஒன்று தோற்றவர்கள். டிரா ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பாயிண்ட். கோல் வித்தியாசத்தில் நாங்கள்தான் மேலே. ஆகவே டிரா போதும். பி.எஸ்ஸி. மேத்ஸ் படிக்கிறவன் சொல்கிறானே என்று எல்லோரும் நம்பினார்கள்.

மறுநாள் பந்தை எதிராளி பக்கம் கொண்டுபோகவே இல்லை. பதினோரு பேரும் நம் கோலுக்கு முன்னால் வேலி கட்டின மாதிரி நின்றோம். எண்பத்தைந்து நிமிஷம் வரைக்கும் கணக்கு சரியாக இருந்தது. அப்புறம் ஒரு கார்னர் கிக். பந்து என் தோளில் பட்டு உள்ளே போய்விட்டது. 0-1. வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கணக்கும் என்னுடையது, தோளும் என்னுடையது.

பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. செங்கிப்பட்டி தாண்டின பிறகு எங்கள் பிசிகல் டைரக்டர் சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. இளம் வயதில் சில காலம் ஐதராபாத்தில் இருந்தவர் அவர். அங்கே பார்த்ததும் கேட்டதுமாக, ரஹீம் என்று ஒரு வாத்தியாரின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வல்லம் வரும் வரைக்கும் சொன்னார். அன்று பஸ்ஸில் கேட்டதையும், பின்னால் நானே தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

வாத்தியார் வேலையும் வலுவில்லாத காலும்

ரஹீம் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17. பி.ஏ. படித்தவர். ஐதராபாத்தில் பல பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கினார். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் தானும் ஆடியவர்தான். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது ஆட்டத்தால் அல்ல, ஆட வைத்ததால். 1943-ல் ஐதராபாத் கால்பந்து சங்கச் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்த ஊர் கால்பந்துக்கு அவர்தான் தாயும் தகப்பனும்.

பையன்களுக்கு அவர் வைத்த போட்டிகளைக் கேட்டால் சிரிப்பு வரும். வலது கால் பழக்கமுள்ளவன் இடது காலால் மட்டும்தான் உதைக்கலாம் என்று ஒரு டோர்னமென்ட்! பந்தை வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி ஓடக்கூடாது, உடனே அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இன்னொன்று. விளையாட்டுக் கூத்து மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருந்தது வாத்தியார் மூளை. எந்தப் பாடத்தில் மார்க் குறைவோ அந்தப் பாடத்தைத்தானே வாத்தியார் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார்? வலுவில்லாத காலை வலுவாக்கினால் ஒரே ஆட்டக்காரன் இரண்டு ஆட்டக்காரனாகிறான்.

1950-ல் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். அன்றைக்குக் கால்பந்து என்றால் கல்கத்தாதான். அந்த வருஷமே டியூராண்ட் கோப்பை இறுதியில் மோகன் பகானைத் தோற்கடித்தது போலீஸ் அணி. பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை வரிசையாக ஐந்து வருஷம் தூக்கியது. கான்ஸ்டபிள் வேலையும் பார்த்துக்கொண்டு ஆடியவர்கள் இவர்கள்.

ஹெல்சிங்கியும் மெல்போர்னும்

இந்திய அணியும் ரஹீம் கையில் வந்தது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். ஊரே கொண்டாடியது. அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று அடி. நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். நம்ம ஊரில் கோடையில் காய்ந்த வயலில் வெறுங்காலோடு ஆடுவது வேறு. அந்த ஊர்க் குளிரில், ஈரப் புல்லில் ஆடுவது வேறு. பத்து கோல் வாங்கிய பயிற்சியாளர் என்ற பட்டத்தோடு ரஹீம் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

வேறு ஒருவராக இருந்தால் குளிரையும் புல்லையும் சொல்லியே காலத்தை ஓட்டியிருப்பார். ரஹீம் திரும்பவும் மாணவரானார். அந்த நாளில் உலகத்தைக் கலக்கிய ஹங்கேரியர்கள் எப்படி ஆளை நிறுத்துகிறார்கள், எப்படிப் பந்தைக் கடத்துகிறார்கள் என்று படித்தார். பழைய முறையை உடைத்து, பின்னால் நாலு பேர், நடுவில் இரண்டு, முன்னால் நாலு என்ற அமைப்பை நோக்கி நம் அணியைக் கொண்டுபோனார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அதே அமைப்பில் ஆடி ஜெயித்த பிறகுதான் உலகம் அதைப் பற்றிப் பேசியது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா ஒருவரே மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா! அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியா. முதல் கோலை நாம்தான் போட்டோம். கடைசியில் 1-4 என்று தோற்றோம். ஹெல்சிங்கியில் பத்து, இங்கே நாலு. நாலு வருஷத்தில் அந்த வாத்தியார் குறைத்த தூரம் அது. வெண்கலத்துக்கான மேட்சில் பல்கேரியாவிடமும் தோற்று நாலாவது இடத்தோடு வந்தோம்.

ரோமில் ஒரே ஓர் இடம்

1960 ரோம் ஒலிம்பிக்கில் பதினாறு நாடுகள், நாலு பிரிவு. பிரிவில் முதலிடம் பிடிப்பவருக்கு மட்டுமே அரையிறுதி. இரண்டாவது வந்தாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நம் பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றோம். பி.கே. பானர்ஜி தலைமையில் ஆடிய அணி பிரான்சோடு 1-1 என்று டிரா செய்தது. பெருவிடம் 1-3. அவ்வளவுதான்.

தஞ்சாவூர்க்காரர்களாகிய நாம் மறக்கக்கூடாத ஒன்று. ரோமுக்குப் போன அந்த அணியில் நம்ம ஊர் சைமன் சுந்தரராஜும் இருந்தார். பின்னாளில், 1973-ல் கேரளா முதல்முறையாக சந்தோஷ் டிராபி வென்றபோது அந்த அணிக்குப் பயிற்சியாளர் அவர்தான். ரஹீம் வாத்தியாரிடம் படித்த பாடம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது பாருங்கள். கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்காக ஆடி வளர்ந்தவர்.

ஜகார்த்தா

இப்போது பஸ்ஸில் சார் சொன்ன முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. நம் பிரிவில் நாலு அணி. முதல் இரண்டு இடத்துக்கு அரையிறுதி. முதல் மேட்சில் தென் கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. இதைச் சொன்னபோது சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கதையேதான்!

மீதி இரண்டு மேட்ச்: தாய்லாந்து, ஜப்பான். ஒன்றில் தவறினாலும் நம் தலையெழுத்து அடுத்தவன் கைக்குப் போய்விடும். இந்த நிலையில் ரஹீம் அணி பயந்து ஒதுங்கவில்லை. தாய்லாந்தை 4-1 என்று அடித்தார்கள். அந்த மேட்சில் தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி, ஆறு தையல். மாற்று ஆளை இறக்க அந்தக் காலத்தில் விதி இல்லை. ஜப்பானை 2-0 என்று வென்று இரண்டாம் இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். கோல் வித்தியாசம், அடுத்தவன் ரிசல்ட் எதுவும் தேவைப்படவில்லை.

அரையிறுதிக்கு முன்னால் ஒரு சிக்கல். ஜர்னைலை உட்கார வைப்பதா, ஆட வைப்பதா? தையல் போட்ட தலையோடு பின்னால் நின்று, வருகிற பந்தையெல்லாம் முட்டச் சொல்ல முடியாது. ரஹீம் யாரும் நினைக்காத காரியம் செய்தார். அந்தத் தடுப்பாட்டக்காரரை முன்வரிசையில் சென்டர் பார்வர்டாக நிறுத்திவிட்டார். பாதுகாக்கிற ஆளைத் தாக்கப் போகச் சொல்வது என்றால் சாமானியத் துணிச்சலா? தென் வியட்நாமை 3-2 என்று வென்றோம். சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

இறுதியில் திரும்பவும் தென் கொரியா. முதல் மேட்சில் நம்மைச் சாய்த்த அதே அணி. போதாக்குறைக்கு வெளியில் கலவரச் சூழ்நிலை. இஸ்ரேலையும் தைவானையும் அந்த விளையாட்டுக்கு வரவிடாததை எதிர்த்து இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர் சோந்தி பேசியிருந்தார். அதனால் ஊர் ஜனங்களுக்கு இந்தியா மேல் கோபம். நம் தூதரகத்தையே தாக்கினார்கள். செப்டம்பர் 4-ம் தேதி சுமார் ஒரு லட்சம் பேர் கூடிய மைதானத்தில் நம் ஆட்களுக்கு ஊளைதான் வரவேற்பு.

ரஹீமுக்கு அதற்குள் உடம்பு சரியில்லை. புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் இரவு பையன்களை அழைத்து, தனக்கு ஒரு பரிசு வேண்டும், நாளைக்கு அந்தத் தங்கத்தைக் கொடுங்கள் என்று கேட்டார். அத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் கேட்ட ஒரே குருதட்சிணை அதுதான்.

காய்ச்சலால் ஒதுங்கியிருந்த தங்கராஜ் இறுதிக்குக் கோலில் வந்து நின்றார். 17-வது நிமிஷம் பி.கே. பானர்ஜி கோல். 20-வது நிமிஷம் ஜர்னைல் சிங் கோல், தையல் போட்ட தலையோடு! கடைசி நேரத்தில் கொரியா ஒன்று போட்டது. 2-1. தங்கம் நம்முடையது.

ஜூன் 11

வாத்தியார் அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட இல்லை. 1963 ஜூன் 11-ம் தேதி காலமானார். வயது 53. டெல்டாக்காரனுக்கு ஜூன் 12 மறக்குமா? மேட்டூர் திறக்கிற நாள் என்று நாம் காலம் காலமாக எண்ணிக்கொண்டிருக்கும் தேதி. அதற்கு முந்தின நாள் ரஹீம் போனார் என்று தெரிந்ததிலிருந்து, ஒவ்வொரு ஜூன் மாதமும் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.

அவர் போன பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1970-ல் கிடைத்த வெண்கலத்தைத் தவிர இந்தியாவுக்கு வேறு பதக்கம் இல்லை. ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு நாம் போகவே இல்லை. ரோம் அணியில் இடம்பெற்ற அவர் மகன் ஹக்கீம் பிற்பாடு சர்வதேச நடுவராகப் பெயர் பெற்று 2021-ல் காலமானார். பி.கே.யும் சுனியும் 2020-ல் போனார்கள். அந்த வகுப்பே ஏறக்குறையக் காலியாகிவிட்டது.

நியூஜெர்சியில் ஒரு டிசம்பர்

சில வருஷத்துக்கு முன் நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். டிசம்பர் கடைசி, வெளியே பனி. பேரன் டி.வி.யில் அவர்கள் ஊர் புட்பால் பார்த்துக்கொண்டிருந்தான். கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், பெயர் மட்டும் புட்பால்! அவன் எனக்கு விளக்கினான். முப்பத்திரண்டு தொழில்முறை அணிகள். ஒவ்வொன்றுக்கும் பதினேழு மேட்ச். அதில் பதினாலு அணிகளுக்குத்தான் பிளே-ஆஃப் என்கிற வெளியேற்றுச் சுற்று. வருஷக் கடைசியில் ஊரே நோட்டும் பென்சிலுமாக இருக்கிறது. இவன் தோற்க வேண்டும், அவன் டிரா செய்ய வேண்டும், அப்படியானால் நமக்கு இடம் என்று. என் பேரனும் ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு 1975 நோட்டுப் புத்தகம் கண் முன்னால் வந்து நின்றது.

அவர்கள் வெல்லும் பெரிய கோப்பைக்கு லம்பார்டி டிராபி என்று பெயர். யார் அந்த லம்பார்டி என்று கேட்டேன். வின்ஸ் லம்பார்டி, அதே நியூஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் லத்தீனும் பௌதிகமும் ரசாயனமும் சொல்லிக்கொடுத்த வாத்தியார்! பிறகு பயிற்சியாளராகி கிரீன் பே அணியை முதல் இரண்டு சூப்பர் பௌலிலும் ஜெயிக்க வைத்தவர். 1970-ல் புற்றுநோயில் இறந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த நாட்டு ரஹீமுக்குக் கோப்பையின் பெயரையே கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு ரஹீமை ஒரு சினிமா வந்துதான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பேரனுக்கு ஜகார்த்தா கதையைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டான். கேட்டுவிட்டு, அந்தத் தாளை மடித்து வைத்தான்.

நம் மைதானத்துக்கு

நான் கணக்குக்கு விரோதி இல்லை. அதுதான் எனக்குச் சோறு போட்டது. என் அப்பா தினமும் பேப்பர் வந்ததும் மேட்டூர் எத்தனை அடி என்றுதான் முதலில் பார்ப்பார். 120 அடிக்கு எத்தனை பாக்கி என்று வாய்க்குள்ளேயே கழித்துப் பார்ப்பார். ஆனால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மண்வெட்டியோடு போய் வரப்பு அணைப்பார், வாய்க்கால் வெட்டுவார், நாற்றங்காலுக்கு இடம் பார்ப்பார். தண்ணீர் அவர் கையில் இல்லை. வரப்பு அவர் கையில் இருந்தது. திருச்சியில் நான் மேட்டூரைப் பார்த்துக்கொண்டு வரப்பை மறந்துவிட்டேன். ஜகார்த்தாவில் ரஹீம் வாத்தியார் வரப்பைப் பார்த்தார்.

எங்கள் பிசிகல் டைரக்டர் சார் இன்று நம்மிடையே இல்லை. அந்தத் தோல்விக்கு என் கணக்குதான் காரணம் என்று அவரிடம் நேராக ஒப்புக்கொள்ள எனக்கு அன்றும் தைரியம் வரவில்லை, பிறகும் வாய்க்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்பது வேறு விஷயம். தெரிந்ததால்தானே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்? இத்தனை வருஷம் கழித்து இந்த மலரில் எழுதி அந்தக் கடனை அடைக்கிறேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு சின்ன வேண்டுகோள். நம் கல்லூரி மைதானத்தில் வருஷத்துக்கு ஒருமுறை, பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கால்பந்துப் போட்டி வைப்போம். ரஹீம் வாத்தியார் வைத்த மாதிரி, வலுவில்லாத காலால் மட்டும் ஆடுகிற போட்டி. ஆண், பெண் இரு பாலருக்கும். பந்து, கோப்பை, பையன்களுக்கு மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்கு முதல் வருஷச் செலவை என் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. நண்பர்களைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வருகிற கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி முடிவு செய்ய வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் மாத வாக்கில், வாய்க்காலில் தண்ணீர் வருகிற சமயமாக வைத்துக்கொண்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

வாழ்க நம் கல்லூரி!

– பழைய மாணவர், பி.எஸ்ஸி. கணிதம் (1973–76 பேட்ச்)